டாக்டர் பதில்கள்: ஊருக்குப் போனால் நிற்கும் இளைப்பு

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. டிங்கரிங் பட்டறையில் காருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார். சின்ன வயதில் இளைப்பு இருந்ததில்லை. ஒரு வருடமாக ராத்திரியில் இருமலும் வீசிங்கும். ஒரு டாக்டர் அலர்ஜி ஆஸ்துமா என்றார். இன்னொருவர், ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐஜிஇ நார்மல், அதனால் அலர்ஜி இல்லை என்கிறார். பொங்கலுக்குச் சிவகங்கையில் பத்து நாள் இருந்தபோது இன்ஹேலரைத் தொடவே இல்லை. கிராமத்துக் காற்று ஒத்துக்கொள்கிறதோ? இது எந்த வகை?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளைவிட அந்தப் பொங்கல் வரிதான் எனக்கு அதிகம் சொல்கிறது. கிராமத்துக் காற்றைப் பாராட்டுவதற்கு முன், பட்டறைக் காற்றை விசாரிப்போம்.

பெரியவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வந்தால் நான் முதலில் கேட்பது "என்ன வேலை?" என்றுதான். அப்படி வருபவர்களில் 5 முதல் 20 சதவீதம் பேருக்கு வேலையிடமே காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவக் கணக்கு. கார் பெயின்ட் இறுகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். பேக்கரி மாவு, மரத்தூள் போல இதுவும் பேர்போன காரணம். இந்த வகையில் ஐஜிஇ பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதனால் அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து வேலையைக் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. பகலில் பெயின்ட் அடித்தால் பல மணி நேரம் கழித்து, ராத்திரியில் இழுக்கும். அதனால்தான் யாருக்கும் பெயின்ட் மேல் சந்தேகம் வருவதில்லை.

மற்ற வகைகளும் உண்டு. தூசி, பூனை என்று சின்ன வயதிலேயே தொடங்குவது ஒன்று. நடுவயதில் ஈசினோஃபில் என்ற ரத்த வெள்ளையணு ஏறி, மூக்கில் சதை வளர்ந்து வருவது ஒன்று. உடல் பருமனோடு சேர்ந்தது, வீசிங்கே இல்லாமல் வெறும் இருமலாக வருவது என்றும் இருக்கின்றன. ஒரே ஆளுக்கு இரண்டு வகை கலந்தும் வரலாம்.

உறுதிசெய்ய முதலில் ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனை. மருந்து இழுத்தபின் ஊதும் அளவு 12 சதவீதமும் 200 மில்லிக்கு மேலும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சாதகம். அப்புறம் மூச்சை ஊதும் வேகத்தை வீட்டிலேயே அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. தினமும் நான்கு வேளை ஊதி எழுதட்டும். வேலை நாள், லீவு நாள் இரண்டிலும். லீவில் ஏறி வேலை நாளில் இறங்கினால் விஷயம் தெளிவு.

மூச்சுத்திணறல் கடுமையாக இல்லையென்றால், இந்தப் பதிவு முடியும்வரை வேலையை விட வேண்டாம். விட்ட பிறகு நிரூபிப்பது கஷ்டம். இ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) அட்டை இருக்கிறதா பாருங்கள். வேலையால் வரும் ஆஸ்துமா தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ஆனால் உறுதியான பிறகு ஸ்ப்ரே வேலையைத் தொடரக் கூடாது. தள்ளிப்போடப் போட முழுதாகக் குணமாகும் வாய்ப்பு குறையும். சாதாரண மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. இளைப்பை அப்போதைக்குத் தணிக்கும் நீல இன்ஹேலரை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் தேவை. அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

கேள்வி: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் ஒரு மணி நேரத்தில் இளைப்பு வருகிறது. மூக்கில் சதை ஆபரேஷன் இரண்டு முறை செய்தாயிற்று. வாசனையே தெரிவதில்லை. வயது 52.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: வலி மாத்திரை, மூக்குச் சதை, இளைப்பு மூன்றும் சேர்ந்தால் அது ஆஸ்பிரின் வகை ஆஸ்துமாவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். டைக்ளோஃபெனாக் மட்டுமல்ல, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எதையும் தொடாதீர்கள். மெடிக்கலில் "ஏதாவது வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கு ஆபத்து. பாராசிட்டமால் குறைந்த அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். முதல்முறை டாக்டரைக் கேட்டே போடுங்கள். மருந்துகளின் பெயரைச் சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள், பல் டாக்டரிடம் போகும்போதும் காட்டுங்கள்.