நாலு பேருக்கும் ஒரே சீட்டா?

கேள்வி: எனக்கு வயது 16. இரண்டு மாதமாக சனி, ஞாயிறு மட்டும் ஒரு புத்தகக் கடையில் பகுதி நேர வேலை பார்க்கிறேன். முதல் சம்பளம் வாங்கியதிலிருந்து என் தோழிகள் நாலு பேரும் மாறிவிட்டார்கள். ஒருத்தி 'முதலாளியம்மா' என்றுதான் கூப்பிடுகிறாள். இன்னொருத்தி எதற்கெடுத்தாலும் 'நீதானே சம்பாதிக்கிறே, நீயே குடு' என்கிறாள். மூன்றாமவள் என்னைக் கூப்பிடாமலே எல்லோருக்கும் சினிமா டிக்கெட் போடுகிறாள். உயிர்த்தோழி பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளும் இதே கடையில் கேட்டாள், கிடைக்கவில்லை. சம்பளக் கவரை ஸ்டேட்டஸில் போட்டேன், ஒருத்திகூட வாழ்த்தவில்லை. கோபத்தில் 'உங்களை மாதிரி நான் வெட்டியா இல்லை' என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு பொறாமைக்காரிகளோடு நட்பு தேவையா? வேலையை விடவா, இவர்களை விடவா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உனக்கு என் பேத்தி வயது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். முதல் சம்பளத்துக்கு வாழ்த்து. யாரும் சொல்லவில்லை என்ற குறை தீர்ந்ததா? இனி வழக்குக்கு வருவோம்.

நாலு பேர் முதுகிலும் 'பொறாமை' என்று ஒரே சீட்டை ஒட்டிவிட்டாய். கடையில் விலைச்சீட்டு ஒட்டிப் பழகிய கை போலிருக்கிறது. நீ எழுதியதையே ஆளுக்கு ஆள் பிரித்துப் படித்தேன். எனக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

சினிமாவுக்குக் கூப்பிடாதவளை எடுத்துக்கொள். அவர்கள் படம் பார்க்கப் போகும் சனி, ஞாயிறில்தான் உனக்கு வேலை. எட்டு வாரமாக 'வர முடியாதுடி' என்றே கேட்டவள், ஒன்பதாவது வாரமும் கேட்பாளா? அலுத்துப்போயிருப்பாள். வார நாளில் ஒரு சாயங்காலத்தை நீயே சொல்லிப் பார், வருகிறாளா இல்லையா என்று.

'நீயே குடு' என்கிறவளுக்கு உன் வேலை ரொம்பவே பிடித்திருக்கிறது! அவளா பொறாமைக்காரி? முதல் சம்பளத்தில் ஒரு தடவை வாங்கிக் கொடுத்தாயா, அத்தோடு சரி. அடுத்த தடவை 'இந்த மாசம் சேத்து வைக்கிறேன்டி' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. எதற்குச் சேர்க்கிறாய் என்று விளக்க ஆரம்பிக்காதே. காரணம் சொன்னால் பேரம் தொடங்கும்.

'முதலாளியம்மா' என்பதில் கொஞ்சம் முள் இருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம். அவள் பட்டம் வைத்தது முன்னாலா, நீ 'வெட்டி' என்றது முன்னாலா? கடிதத்தில் அந்த வரிசையை மட்டும் லாகவமாக விட்டுவிட்டாய். சம்பளம் வாங்காதவர்கள் எல்லாம் வெட்டி என்றால், இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ யார்?

இப்போது அந்த நாலாவது ஆள். 'அவளும் கேட்டாள், கிடைக்கவில்லை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். உன் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி அது ஒன்றுதான்.

பொறாமை என்றால் பொறுக்க மாட்டாமை. அவளால் பொறுக்க முடியாமல் போனது எது என்று யோசி. வயதிலும் இடத்திலும் பெயரிலும் தனக்கு நெருக்கமானவர்கள்மேல்தான் மனிதனுக்குப் பொறாமை வருகிறது என்று அரிஸ்டாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆட்கள் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது தங்களைப் போன்றவர்களோடுதான் என்று 1954-இல் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் எழுதினார். எங்கோ இருக்கும் கோடீஸ்வரனைப் பார்த்து உன் தோழியின் வயிறு எரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயசு. கேட்டது ஒரே கடையில். ஒருத்திக்கு 'வா' என்றார்கள், இன்னொருத்திக்கு 'பார்க்கலாம்' என்றார்கள். அந்த 'பார்க்கலாம்' காதில் இருக்கும்போதே உன் சம்பளக் கவர் அவள் போனில் வந்து விழுகிறது.

என் கதையையும் கேள். பதினேழு வயதில் ஓர் அச்சகத்தில் சாயங்கால வேலைக்குப் போனேன். காய்ந்தும் காயாத மெய்ப்புத் தாள்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் மை. சோப்புப் போட்டால் முக்கால்வாசி போய்விடும், போட மாட்டேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று அந்தக் கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் உட்காரும் நண்பன் ஒரு வாரத்தில் பின் வரிசைக்குப் போய்விட்டான். பொறாமைக்காரன், போகட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது அவனே சொன்னான்: "அங்க ஆள் எடுக்கறாங்கன்னு உனக்குச் சொன்னதே நான்தானேடா." உண்மை. எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. எனக்கு முன்னால் போய்க் கேட்டு, இல்லை என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறான். மறக்கிற வசதி, வேலை கிடைத்தவனுக்குத்தான் உண்டு.

ஆகவே அவளைத் தனியாகப் போய்ப் பார். மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகாதே. 'அடுத்து ஆள் எடுத்தா உனக்குச் சொல்றேன்' என்று வாயைத் திறந்ததும் ஆரம்பிக்காதே, பிச்சை போடுவது மாதிரி இருக்கும். 'அது ஒண்ணும் பெரிய வேலை இல்லடி' என்று இறக்கியும் பேசாதே. அவள் ஆசைப்பட்டுக் கேட்டுக் கிடைக்காத வேலை அது, அதை அற்பம் என்றால் அவளுக்கு இன்னொரு அடி. 'உனக்குக் கிடைக்கலைன்னு தெரிஞ்சும் நான் படம் போட்டேன், தப்புதான்' என்று சொல். வேலை கிடைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, படத்துக்கு மட்டும் கேள். பிறகு அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று விசாரி. இரண்டு மாதமாக நீ அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அப்படியும் முகத்தைத் திருப்பினால், கொஞ்ச நாள் விட்டுவிட்டு இன்னொரு தடவை போ. மூன்றாவது தடவை வேண்டாம்.

வேலையை விடாதே. சனி, ஞாயிறு மட்டும் என்பது உன் வயதுக்குச் சரியான அளவு. வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு அடிபடுவதை 1980-களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். பரீட்சை சமயம் பார்த்து 'வெள்ளிக்கிழமையும் வந்துடும்மா' என்பார்கள். தோழிகளிடம் எட்டு வாரம் தாராளமாகச் சொன்ன 'முடியாது' என்ற சொல்லை அங்கேயும் ஒரு தடவை சொல்லிப் பழகு.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒருத்திகூட வாழ்த்தவில்லை என்கிறாயே, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்துத்தானே எழுதினாய்? அதில் நேரமும் இருந்திருக்குமே. உன் உயிர்த்தோழி அந்தப் படத்தை எத்தனாவது நிமிஷத்தில் பார்த்தாள்?