கீசரில் கோளாறா, கம்பியில் கோளாறா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு உள்ளது. 230 வோல்ட், 2,000 வாட் என்று அச்சிட்ட 15 லிட்டர் கீசரில் தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது. அது அணைந்திருக்கும்போது பிளக்கில் 215 வோல்ட். ஓடும்போது 195 வோல்ட், 7.4 ஆம்பியர். காயிலை மாற்ற வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றத்தான் வேண்டுமா?

— வாசகர், ஏற்காடு

பதில்: காயிலை மாற்ற வேண்டாம். அது நன்றாக இருப்பதை நீங்கள் அனுப்பிய அளவுகளே காட்டுகின்றன.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்பது 1827-இல் ஜெர்மானியரான ஓம் வெளியிட்ட விதி. 195-ஐ 7.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26.4 ஓம் வருகிறது. புதிய காயிலுக்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை, 230-ஐ 230-ஆல் பெருக்கி 2,000-ஆல் வகுத்து அறியலாம், அது 26.45 ஓம். இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் காயில் தேயவில்லை.

திறன்தான் குறைந்திருக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 195 × 7.4 = 1,443 வாட். மின்னழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்ததற்குத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதே என்று தோன்றலாம். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால் இழப்பு இரண்டு வழியிலும் நேர்கிறது. மார்கழிக் குளிரில் 15 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 வாட்டில் சுமார் 16 நிமிடம் போதும். இப்போது 22 நிமிடம் பிடிக்கும்.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. கீசரைப் போட்டதும் 215 வோல்ட் 195 ஆகிறது என்றால், அந்த 20 வோல்ட் வழியிலேயே செலவாகிறது. 20-ஐ 7.4-ஆல் வகுத்தால், பிளக் வரை வரும் பாதையில் 2.7 ஓம் மின்தடை இருப்பது தெரிகிறது. மீட்டர் பெட்டி 30 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டாலும், போக வர 60 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு அரை ஓம்கூட வராது. 20 × 7.4, அதாவது 148 வாட், கம்பியிலும் இணைப்புகளிலும் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடும். அதே அளவு வெப்பம் தளர்ந்த ஒரே திருகில் குவிந்தால் சுவிட்ச் பெட்டி கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆகவே கீசர் ஓடும்போதே மீட்டர் பெட்டியில் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அங்கே 210-க்கு மேல் இருந்தால் கோளாறு வீட்டுக்குள் உள்ளது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக், சுவிட்ச், சந்திப்புப் பெட்டி ஆகியவற்றின் திருகுகளைச் சோதித்து, கருகிய முனைகளை வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும், மெல்லிய கம்பியாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அங்கேயும் 195-தான் என்றால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ அதற்கு அப்பாலோ பழுது. மின்வாரியத்திடம் இந்த அளவுகளை எழுதிக் கொடுத்துப் புகார் செய்யுங்கள். அதுவரை கீசரைப் பயன்படுத்தாதீர்கள்.