ரிட்டர்ன் லோடு கப்பலும் ஏழு துறைமுகமும்

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 61. வீட்டுக்காரருக்கு 66, சர்க்கரை உண்டு. மூன்று ஏக்கரில் மஞ்சளும் வாழையும் பார்க்கிறார். அடுத்த ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானின் யோகோஹாமா வரை 16 இரவுக் கப்பல் பயணம் ஒன்று, இருவருக்கும் சேர்த்து 2,90,000 ரூபாய்க்கு வருகிறது. வழியில் ஏழு துறைமுகம். ஒவ்வொரு ஊரிலும் கப்பல்காரர்களே பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்ட இன்னும் 1,68,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஏஜென்ட். "நீங்களாகப் போனால் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார். நாங்களாகவே சுற்றிப் பார்த்தால் ஆகாதுங்களா? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் இருக்கிறது. அதில் கொஞ்சம் எடுக்கலாமா, இல்லை நகையை வைக்கலாமா?

பதில்: ஆகும் டீச்சர். ஆனால் ஏழு ஊரிலும் ஆகாது. எந்த ஊரில் ஆகும், எதில் ஆகாது என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

முதலில் இந்த டிக்கெட் ஏன் மலிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். சங்ககிரி லாரி ஒன்று குஜராத்துக்கு லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவதை விட, கிடைத்த வாடகைக்கு ரிட்டர்ன் லோடு ஏற்றிக்கொண்டு வரும் இல்லையா? அதே கதைதான். குளிர்காலம் முழுக்க சிங்கப்பூரைச் சுற்றி ஓடிய கப்பல், செர்ரிப் பூக்கும் பருவத்துக்கு ஜப்பான் போயே ஆக வேண்டும். காலியாகப் போவதற்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. அதனால் ஓர் இரவுக்கான கட்டணம் குறைவு. ஆனால் இது ஒருவழிப் பயணம். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. யோகோஹாமாவுக்குப் பக்கத்திலிருக்கும் டோக்கியோவிலிருந்து கோவைக்கு இல்லை. ஏஜென்ட் சொன்ன இரண்டு தொகையையும் கூட்டினால் 4,58,000. அதில் விமானம் இல்லை, விசா இல்லை, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸும் இல்லை. இந்த டிப்ஸ் நாம் பார்த்துக் கொடுக்கிற பத்து இருபது அல்ல. பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு, நாளுக்கு இத்தனை டாலர் என்று அறைக் கணக்கில் தானாக ஏறும். 17 டாலர் என்று வைத்தால் 16 நாளுக்கு இருவருக்கும் 544 டாலர். டாலர் 90 ரூபாய் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 49,000 ரூபாய். உங்கள் கட்டணத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

இனி துறைமுகங்கள். கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஊரைப் பார்க்க. இன்னொரு பங்கு இன்சூரன்ஸ் பிரீமியம். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. ஆனால் பிரீமியத்தை ரிஸ்க் இருக்கிற இடத்தில்தான் கட்ட வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கப்பல் நிற்கும் ஊரில் எதற்குக் கட்டுவது?

பாங்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் பாங்காக், கப்பல் நிற்பது லேம் சபாங்கில். அங்கிருந்து நகரத்துக்கு 120 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணி நேரம். காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால் 5 அல்லது 5.30-க்குள் ஏறிவிடச் சொல்வார்கள். பாங்காக்கின் போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் விட்டால், 2 மணிக்கெல்லாம் நகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். இந்த ஊருக்குக் கப்பல் பஸ்ஸே சரி. வேண்டாம் என்றால் பாங்காக்கை மறந்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் பட்டாயாவில் நாங் நூச் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். வியட்நாமின் ஹோசிமின் நகரமும் இப்படித்தான். கப்பல் நிற்பது ஃபூ மீயில். நகரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதற்கும் கப்பல் பஸ் எடுங்கள். பெரும்பாலும் பென் தான் சந்தையில் கொஞ்ச நேரம் விடுவார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் நம் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

அதே வியட்நாமில் சான் மே துறைமுகத்தில் இறங்கினால் சரக்கு மேடையைத் தவிர ஒன்றும் இருக்காது. ஒரு பக்கம் ஹுவே நகரம், மறுபக்கம் டா நாங் நகரம். இங்கே கார் பேசிக்கொள்வது லாபம். கப்பலில் இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொண்டால் வாடகை பாதி. டா நாங் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் லிங்கமும் சிவனும் நிறைந்திருப்பதைப் பார்த்தால், இத்தனை தூரம் வந்தும் நம்மூர்க் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். கப்பல் கிளம்ப இரண்டரை மணி நேரம் இருக்கும்போது திரும்பிவிடும்படி டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். முழு வாடகையையும் முன்னாடியே கொடுக்க வேண்டாம். வியட்நாமின் இன்னொரு துறைமுகமான ஹா லாங் விரிகுடாவில் படகுச் சவாரிதான் எல்லாமே; அங்கேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

மீதி மூன்று ஊருக்குக் கப்பல் பஸ் எடுத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹாங்காங்கில் கை டாக் முனையம், பழைய விமான ஓடுபாதை இருந்த இடத்திலேயே கட்டியது. அங்கிருந்து டாக்ஸியில் சிம் ஷா சுய் போய், ஸ்டார் ஃபெர்ரியில் துறைமுகத்தைக் கடந்தால் சில ஹாங்காங் டாலரிலேயே அந்த ஊரின் மிக அழகான காட்சி கிடைத்துவிடும். தைவானின் கீலுங்கில் முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ரயில் நிலையம். உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட உட்கார்ந்தால் தைபே. ஜப்பானின் ஒகினாவா தீவில் இருக்கும் நாஹா சின்ன ஊர், மோனோரயில் இருக்கிறது. இந்த மூன்று ஊருக்கும் பஸ்ஸுக்கு இருவருக்கும் 72,000 ரூபாய் கேட்கிறார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே கணக்குப் போட்டுவிடுவார்.

நான் போட்ட கணக்கு இது. இரண்டு ஊருக்குக் கப்பல் பஸ், ஊருக்கு 24,000 வீதம் 48,000. மற்ற ஐந்து ஊருக்கும் கார், படகு, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தாராளமாக 31,000. ஆக 79,000. மிச்சம் 89,000. சுற்றுலாக்களை ஒவ்வொன்றாகவும் வாங்கலாம், மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம், ஓர் இரவு ஓட்டல் என்று செலவாகும். அதற்கு ஒரு லட்சத்தை வங்கி டெபாசிட்டில் போட்டு வையுங்கள். செலவாகாவிட்டால் அது உங்கள் பணமே. பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டால் அதன் நகல் கைப்பையில் இருக்கட்டும்; துறைமுகத்தில் உள்ள கப்பல் ஏஜென்ட்டின் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நானே ஒரு முறை தவறவிட இருந்தேன். சிங்கப்பூரிலிருந்து ஃபூகெட் போன கப்பல். கரையில் இருந்து சிறு படகில்தான் திரும்ப வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. என் செல்போன் மட்டும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கடைசிப் படகு 5 மணிக்கு. போனில் 3.40 என்று பார்த்து நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒருவர் கப்பல் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஓடுவதைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினோம். உங்கள் பயணத்திலும் தாய்லாந்து, வியட்நாமில் ஒரு மணி நேரம் பின்னால். ஹாங்காங், தைவானில் சிங்கப்பூர் நேரமே. ஜப்பானில் ஒரு மணி நேரம் முன்னால். உங்கள் வீட்டில் பழைய எச்எம்டி வாட்ச் ஒன்று இருக்குமே, அதற்குச் சாவி கொடுத்துக் கப்பல் நேரத்தை வையுங்கள். கப்பலில் நேரம் மாற்றச் சொல்லி அறிவித்தால் மட்டும் அதைத் தொடுங்கள். கடலில் செல்போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கப்பலின் டவரில் மாட்டினால் பில் கண்ணைக் கட்டும்.

கார்டு விஷயம். வெளிநாட்டில் சாதாரண கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ, மார்க்அப் என்ற இந்தப் பிடித்தம் இல்லாத கார்டோ வாங்கிக்கொள்ளுங்கள். "ரூபாயிலேயே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்க் காசையே அமுக்குங்கள். ஏஜென்ட்டிடம் புக் செய்யும்போது டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார். அதன் விகிதம் சில ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது, கட்டும் நாளில் எவ்வளவு என்று கேளுங்கள். அது செலவில்லை, வருமான வரி ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். அதனால் ரிட்டர்ன் போடும் உங்கள் பான் எண்ணிலேயே கட்டுங்கள்.

இன்சூரன்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. வீட்டுக்காரரின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். நீங்களாகத் தாமதமானதால் கப்பல் போய்விட்டால் பாலிசி பணம் தராமல் போகலாம். அந்த ஒரு லட்சம் அதற்காகத்தான்.

இப்போது பணம் எங்கிருந்து வரும் என்பது. மொத்தச் செலவு விமானம் 1,10,000, விசா 25,000, இன்சூரன்ஸ் 12,000 எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5,65,000 வரும். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு முடித்தால் அசலில் 1.5 சதவீதம், இரண்டாண்டுக்குப் பிறகு 1 சதவீதம் பிடிப்பார்கள். அதைத் தொடாதீர்கள். 8.2 சதவீதத்தில் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வட்டி வரும். நான்கு தவணையை ஒதுக்கினால் 1,64,000. மீதி நான்கு லட்சம் மஞ்சளில் இருந்து வர வேண்டும். நகை வேண்டவே வேண்டாம். ஊர் சுற்றக் கடன் வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். விலை ஏறும் என்று குடோனில் பூட்டி வைத்திருக்கும் மஞ்சளை நம்பியும் டிக்கெட் போடாதீர்கள். முதலில் விற்பனை, அப்புறம் முன்பணம்.

விசா வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானை முதலில் முடியுங்கள். அது கையில் இருந்தால் தைவானுக்கு ஆன்லைன் அனுமதி பெற வழி உண்டு. வியட்நாமுக்கு இ-விசா, அந்த நாட்டின் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் கப்பல் வேறு நாட்டைத் தொட்டால் பலமுறை நுழையும் விசாவாக வாங்குங்கள். ஹாங்காங்குக்குப் போகுமுன் ஆன்லைனில் செய்ய வேண்டிய பதிவு இலவசம். ஒரு விசா குறைந்தாலும் சிங்கப்பூரிலேயே ஏற்றாமல் விட்டுவிடலாம். ஜப்பான் விசாவுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். ஆகவே மஞ்சள் விற்ற பணத்தை ரொக்கமாக வாங்கி பீரோவில் வைக்காமல், மண்டியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள்.