குளுக்கோமா ஃபெலோஷிப்: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். இன்று குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோயை மட்டும் பார்க்கும் கண் மருத்துவன். போன வாரம் கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை முடிந்ததும் பலர் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். பாதிக்கு மேல் ஃபெலோஷிப் பற்றித்தான், அதாவது கண் மருத்துவரான பிறகு இந்த ஒரு நோயில் மட்டும் எடுக்கும் கூடுதல் பயிற்சி. நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் வர நினைப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகள் ஹவுஸ்மேன் பயிற்சி முடிக்கப் போகிறாள். உங்களைப் போல குளுக்கோமா டாக்டராக வேண்டுமாம். இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? (ஓய்வுபெற்ற கிராணி)

ஐயா, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள், நிறைய ஆகும். 2 ஆண்டு ஹவுஸ்மேன் முடிந்ததும் கண் பிரிவில் எம்.ஓ.வாக, அதாவது மருத்துவ அதிகாரியாக, சில காலம் வேலை. பிறகு 4 ஆண்டு மாஸ்டர்ஸ். மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம். என்கிற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், யு.எஸ்.எம். என்கிற அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் வளாகம் மூன்றிலும் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டால், வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டன் ராயல் காலேஜ் தேர்வுகளை எழுதும் வழியும் உண்டு. அதன்பின் ஸ்பெஷலிஸ்ட்டாகக் கெசட் ஆக வேண்டும், அதாவது அரசு அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டும். ஃபெலோஷிப் அதற்கும் அப்புறம்தான். எல்லாம் முடியும்போது மகளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். கல்யாணமும் குழந்தையும் இந்த வருஷங்களுக்குள்ளேதான் வரும். அப்போது வீட்டில் கைகொடுக்க ஆள் இருந்தால் அவள் படித்துவிடுவாள்.

நான் கண் பிரிவில் எம்.ஓ. எல்லாக் கண் டாக்டர்களும் குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து எழுதுகிறார்கள். ஃபெலோஷிப்பில் புதிதாக என்ன கற்றுத் தருவார்கள்?

தம்பி, நானும் இதே கேள்வியோடுதான் போனேன். முதல் மாதமே பதில் கிடைத்தது, அதுவும் கத்தியைத் தொடுவதற்கு முன்பே.

கோனியோஸ்கோபி நீயும் செய்திருப்பாய். கண்ணாடி பதித்த லென்ஸைக் கருவிழி மேல் வைத்து, கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்ப்பது. நான் பார்த்துவிட்டு "கோணம் திறந்திருக்கிறது" என்று எழுதினேன். என் ஆசிரியர் அறை விளக்கை அணைத்தார். ஒளிக்கீற்றை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கி, கண் பாவையில் படாமல் தள்ளி வைத்தார். "இப்போது பார்" என்றார். கோணம் மூடியிருந்தது! வெளிச்சம் பாவைக்குள் போனால் பாவை சுருங்கும், அதைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்கிற திரை இழுபடும், மூடிய கோணம் திறந்தது போலத் தெரியும். லென்ஸைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் அதே கதைதான். அந்த நோயாளிக்குத் தேவைப்பட்டது லேசரால் ஐரிஸில் ஒரு சிறு துளை. நான் அவரைச் சொட்டு மருந்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இப்படி நூற்றுக்கணக்கான கண்களை ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தத் திருத்தத்தான் பார்வை பழகும்.

அடுத்தது டிரபெகுலெக்டமி. கண் அழுத்தத்தைக் குறைக்க, கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் 1968இல் எழுதிய அறுவை, இன்றும் நாம் செய்கிறோம். வெண்விழியில் பாதி ஆழத்துக்கு ஒரு சின்ன மூடி வெட்டி, அதன் அடியில் துளையிட்டு, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர் கசிந்து வந்து, மேல் இமைக்குக் கீழே சின்னக் கொப்புளமாக நிற்கும். அதைத்தான் பிளெப் என்கிறோம். மற்ற அறுவையில் புண் சீக்கிரம் ஆறினால் நமக்கு நிம்மதி. இதில் அந்த வழி ஆறி மூடிக்கொண்டால் எல்லாம் வீண். அதனால்தான் தழும்பு கட்டாமல் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தை வைக்கிறோம். ஆனால் கொஞ்சம் கூடினால் பிளெப் காகிதம் போல மெலிந்து, பல வருஷம் கழித்துக்கூடக் கிருமி புகுந்துவிடும். எந்தத் தையலை எந்த நாளில் லேசரால் அறுப்பது, எப்போது கையை வைக்காமல் இருப்பது என்பதெல்லாம் நோயாளியை வாராவாரம் பார்த்தால்தான் பிடிபடும். அறுவை முடிய ஒரு மணி நேரம், அதைக் காப்பாற்ற மூன்று மாதம். என்னைக் கேட்டால் ஃபெலோஷிப் என்பது அந்த மூன்று மாதம்தான்.

இங்கேயே செய்வதா, வெளிநாடு போவதா? (மாஸ்டர்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவி)

சுகாதார அமைச்சிலும் பல்கலைக்கழகங்களிலும் துணைச் சிறப்புப் பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவில் குளுக்கோமா ஃபெலோஷிப் பொதுவாக 1 ஆண்டு. பிரிட்டனில் நோயாளியைத் தொட வேண்டுமானால் அங்கே மருத்துவராகப் பதிவு வேண்டும். பன்னாட்டுக் கண் மருத்துவ மன்றமான ஐ.சி.ஓ. தரும் 3 மாத ஃபெலோஷிப் பார்த்துப் பழக நல்லது, அறுவை கற்க அது போதாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி இடத்தில் ஒரு நாளில் பார்க்கிற நோயாளிகளின் எண்ணிக்கையே தனிப் பாடம். கண்ணுக்குள் இருக்கும் நீரை வடிக்கும், வால்வ் இல்லாத வடிகுழாய் ஒன்றை அவர்களுடைய தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப்பே குறைந்த விலையில் தயாரிக்கிறது. அதைப் பொருத்தக் கற்றுக்கொண்டால் இங்கே ஏழை நோயாளிக்கு உதவும்.

எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேள், தங்கச்சி. என் கையால் எத்தனை அறுவை? அறுவைக்குப் பின் அந்த நோயாளிகளை நானே பார்ப்பேனா? இரண்டாவதற்கு மழுப்பினால் அங்கே போகாதே. இன்னொன்றும் உண்டு. சீன இனத்தவரிடம் கோணம் மூடும் வகை அதிகம். நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனத்தவரையும் பார்க்கப் போகிறாய். திறந்த கோண வகையையே பெரும்பாலும் பார்க்கும் ஊரில் மட்டும் பழகினால் திரும்பி வந்து திணறுவாய்.

ஸ்டென்ட் எல்லாம் வந்துவிட்டதே, பழைய அறுவையை ஏன் கற்க வேண்டும்?

ஸ்டென்ட், அதாவது நீர் வடியக் கண்ணுக்குள் பொருத்தும் நுண்குழாய், ஆரம்ப நிலைக்கு. நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். லேசரைக் கற்காமல் விடக் கூடாது என்பதும் உண்மை. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நீர் வடியும் கோணத்தில் அடிக்கும் எஸ்.எல்.டி. லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்று ஆண்டு கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே இருந்தார்கள்.

உங்கள் கையில் தவறு நடந்திருக்கிறதா டாக்டர்? (பெயர் எழுதவில்லை)

நடந்திருக்கிறது. பயிற்சியின்போது ஓர் அம்மாவுக்கு டிரபெகுலெக்டமி செய்தேன். மறுநாள் பிளெப் அழகாக எழும்பி நின்றது. அடுத்த வாரம் வரச் சொன்னேன், வரவில்லை. ஐந்து வாரம் கழித்து வந்தபோது பிளெப் தட்டையாகிச் சுற்றிலும் சிவந்திருந்தது, அழுத்தம் பழையபடி 30க்கு மேல். ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தாலும் ஒரு நாள் சம்பளம் போயிடும் ஐயா, கண்ணுதான் வலிக்கலையே" என்றார். என் அம்மா சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். தோட்டத்தில் வளர்ந்த நான் அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். ஊசியால் பிளெப்பைத் திறக்கப் பார்த்தோம், நிற்கவில்லை. கடைசியில் குழாய் வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்த நோயாளியாக இருந்தாலும் கத்தி எடுப்பதற்கு முன், எப்படி வருவீர்கள், யார் கூட்டி வருவார்கள், சம்பளம் பிடிப்பார்களா என்று கேட்டு நோட்டில் எழுதுகிறேன்.

மாமியாருக்கு அழுத்தம் இப்போது சரியாம், ஆனால் பார்வை திரும்பவில்லை. பெரிய படிப்பு படித்த டாக்டரிடம் போனால் திரும்புமா? (பால் மரம் வெட்டும் அக்கா)

திரும்பாது, அக்கா. இதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பார்வை நரம்பில் பட்டுப்போனது பட்டுப்போனதுதான். எங்கள் படிப்பெல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். ஆகவே சொட்டு மருந்து தீர்ந்ததும் நிறுத்தவிடாதீர்கள். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் விடுங்கள். உங்கள் கணவருக்கு நாற்பது தாண்டிவிட்டதா? கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும், இது குடும்பத்தில் வருகிற நோய்.

கண் சிவந்தால் கடையில் வாங்கிப் போடும் மருந்தால் வருமா?

ஸ்டீராய்டு கலந்ததை மாதக்கணக்கில் போட்டால் வரும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போடாதீர்கள்.

ஈப்போ மருத்துவமனைக்கு அப்பாயின்மென்ட் கிடைத்திருக்கிறது. என்ன கொண்டு போகணும்?

போடுகிற சொட்டு மருந்துக் குப்பிகள் எல்லாம், காலிக் குப்பிகளையும் சேர்த்து. முன்பு எடுத்த பார்வைப் புலச் சோதனை (பக்கப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது) தாள்கள் இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். பழைய தாளோடு வைத்துப் பார்த்தால்தான் நோய் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியும். ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், குளுக்கோமாவுக்குத் தரும் டிமோலோல் சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பாவையை விரிய வைக்க மருந்து விடுவார்கள், அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள்.