"ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்கிறார் அம்மா": வாசகர் கேள்விகளுக்கு டொக்டர் பதில்

கேள்வி: டொக்டர், அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டதாம். இரவெல்லாம் அலறுகிறார். "ஒரு ஊசியைப் போட்டு என்னை அனுப்பிவிடச் சொல்லு" என்கிறார். டொக்டர்கள் அப்படிச் செய்யலாமா? (ஹட்டன்)

பதில்: இல்லை மகள். நம் இலங்கையில் அப்படி ஊசி போடும் வைத்தியர் கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாவார். நோயாளியே கேட்டார் என்பது அவரை விடுவிக்காது. ஒருவர் தானே உயிரை மாய்த்துக்கொள்ள உதவினாலும், தண்டனைச் சட்டக்கோவையின் 299ஆம் பிரிவு அதற்கு மரண தண்டனை விதிக்கிறது. 1976க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் வழக்கும் சிறையும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பிரிவு மட்டும்தான் 1998இல் நீக்கப்பட்டது.

சட்டத்தை விட "இரவெல்லாம் அலறுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை வருத்துகிறது. அந்த வலியை அடக்க மருந்து இருக்கிறது. மோர்பின் அரச ஆஸ்பத்திரிகளில் இலவசம். சாதாரண மோர்பின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும் என்று காத்திராமல், டொக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர் சிகிச்சை கொடுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. கிளினிக்கில் சிங்களத்தில் கேட்டால் நம் அம்மாமார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு நாள் பேர் (தோட்டத்தில் அன்றைய சம்பளம்) போனாலும் பரவாயில்லை, நீங்களே கூடப் போங்கள். எந்த நேரத்தில் எங்கே வலிக்கிறது என்று காகிதத் துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: மோர்பின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடும், அது பாவம் என்கிறார் மாமா. நாங்கள் கத்தோலிக்கர். (தலவாக்கலை)

பதில்: சரியான அளவில் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி தீர்ப்பதே நோக்கமாக இருந்தால், ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்ற நிலையிலும் மருந்து கொடுக்கலாம் என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே சொல்லிவிட்டார். மாமாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இனி செயற்கைச் சுவாசம் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றால் நாங்கள் கொலைகாரர்களா? (பண்டாரவளை)

பதில்: இல்லை தம்பி. பலனில்லாத சிகிச்சையை நிறுத்தினால் உயிரை எடுப்பது நோய்தான். தெளிந்த புத்தியுள்ள நோயாளி சிகிச்சையை மறுக்கலாம். இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம், இப்படிச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே டொக்டர் முன்னால் அவர் விருப்பத்தைக் கேளுங்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: தீராத நோயாளி உயிரை முடித்துக்கொள்ள உதவுவதைச் சுவிட்சர்லாந்தில் அனுமதிக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் கூடாது? (மஸ்கெலியா, பல்கலைக்கழக மாணவி)

பதில்: நல்ல கேள்வி. ஒருவர் தானே உயிரை மாய்த்துக்கொள்ள உதவுவோரில், சுயநலத்துக்காக உதவுபவரை மட்டுமே சுவிஸ் சட்டம் தண்டிக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997இலும், நெதர்லாந்தில் 2002இலும், கனடாவில் 2016இலும் வைத்தியர் உதவியுடன் உயிரை முடித்துக்கொள்வது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. தன் முடிவைத் தானே தீர்மானிக்கும் உரிமை என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். வலி தீர்ந்தால் எல்லோரும் வாழ விரும்புவார்கள் என்றும் சொல்லமாட்டேன். ஒரிகனில் இந்த வழியைக் கேட்டவர்கள் வலியை விட, சுயமாக இயங்க முடியாமல் போனதையே அதிகம் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற பயத்தையும் பலர் சொல்கிறார்கள்.

அந்தப் பயம்தான் என்னைத் தடுக்கிறது. லயன் அறையில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) படுத்திருக்கும் பாட்டிக்கு, தன்னைப் பார்த்துக்கொள்ள மகள் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய பேர் போய்விடும் என்று தெரியும். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், அவரே "சரி" என்றுவிடுவார். மோர்பினும் வீட்டுக்கு வரும் தாதியும் எல்லாத் தோட்டத்துக்கும் கிடைக்கட்டும். அதற்குப் பிறகு இந்த உரிமையைப் பற்றிப் பேசினால் நானும் உட்கார்ந்து கேட்பேன்.

கேள்வி: நோய் எனக்குத்தான். பிள்ளைகளுக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. (ஊர் வேண்டாம்)

பதில்: ஐயா, இதை எழுதியது நல்லது. இன்றைக்கே இன்னொருவரிடமும் சொல்லுங்கள். மகனிடம் முடியாவிட்டால் தோட்டத்து டொக்டரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்பதை கிளினிக்கிலும் மறைக்காதீர்கள். வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு மூன்றுக்கும் தனித்தனியாக மருந்து உண்டு. நீங்கள் சொன்னால்தான் தருவார்கள்.