பழைய சிடிக்கள் முந்நூறு: புது பிளேயர் வாங்கலாமா, லேப்டாப் போதுமா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்றாயிற்று. நாதஸ்வரம், கர்நாடக வாய்ப்பாட்டு, பழைய சினிமாப் பாட்டு என்று இந்தியா போகும்போதெல்லாம் வாங்கிய சிடிக்கள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பிளேயரோ இப்போது பாதி சிடிக்களைப் படிக்க மறுக்கிறது. கடையில் 14,000 ராண்டுக்கு ஒரு புது பிளேயர் காட்டுகிறார்கள், மகன் லேப்டாப் இருக்கும்போது அது எதற்கு என்கிறான். லேப்டாப்பை ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பார்த்தால் 'ம்ம்' என்று ஒரே இரைச்சல். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, மகன் சொல்வதுதான் சரி, நடுவில் ஒரு சின்னப் பெட்டி தேவை, அவ்வளவுதான். 14,000 ராண்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

சிடியில் இருப்பது வெறும் எண்கள், ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதியவை. 1982இல் சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்ததிலிருந்து இது மாறவில்லை. அந்த எண்களை ஒலியாக மாற்றும் பாகத்துக்கு டிஏசி என்று பெயர். அது பிளேயருக்குள்ளும் இருக்கிறது, லேப்டாப்புக்குள்ளும் இருக்கிறது, ஆனால் லேப்டாப்பில் ஃபேன், ப்ராசஸர், வைஃபை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால் ஹெட்ஃபோன் துளை வழியே வரும் ஒலி அவ்வளவு சுத்தமாக இருக்காது. யூஎஸ்பியில் செருகும் தனி டிஏசி ஒன்று வாங்கி, லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் வையுங்கள், நான் சொன்ன சின்னப் பெட்டி இதுதான். இப்போது வரும் நல்ல டிஏசிகள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கடிகாரத்தை வைத்தே ஓடும் என்பதால் 'கம்ப்யூட்டரில் நேரம் தடுமாறும், ஜிட்டர் வரும்' என்ற பழைய பயம் வேண்டாம்.

இரைச்சலுக்கு முதலில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது சார்ஜர் வழியாக வரும் எர்த் தகராறு. பாட்டு கேட்கும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள், இல்லையென்றால் லேப்டாப்புக்கும் டிஏசிக்கும் நடுவில் மின் தொடர்பைப் பிரிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடு என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள், உயிர் போகிற விஷயம்.

அப்புறம் சிடிக்களை லேப்டாப்புக்கு ஏற்றுவது. பிளேயர் மறுக்கும் சிடிக்கள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றில்லை, பல நேரம் பிளேயரின் லேசர்தான் தளர்ந்திருக்கும். யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளும் போதும். அது மற்றவர்கள் அதே சிடியை ஏற்றியபோது கிடைத்த கணக்கோடு ஒப்பிட்டு, பிழையில்லாமல் ஏறியதா என்று சொல்லிவிடும். எம்பி3 வேண்டாம், ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், ஒரு துளி ஒலியும் போகாது, இடமும் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். நிறைந்த சிடி ஒன்று 700 எம்பி வரை போகும், ஆக முந்நூறும் 500 ஜிபி டிரைவில் தாராளமாக அடங்கும். இரண்டு டிரைவில் வையுங்கள், ஒன்று மகன் வீட்டில் இருக்கட்டும். கோயில் காவடி, கல்யாணக் கச்சேரி என்று யாராவது வீட்டில் பர்ன் செய்து கொடுத்த சிடிக்கள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் கடைச் சிடியைப் போல அவை நாள்பட நிற்காது, அந்தக் கச்சேரியை மறுபடி எந்தக் கடையிலும் வாங்கவும் முடியாது.

விண்டோஸ் தன் மணியோசையையும் பாட்டோடு கலந்து, வினாடிக்கு 44,100 என்ற அந்த எண்ணிக்கையையும் தன் கணக்குக்கு மாற்றிவிடலாம். பாட்டு ஓட்டும் மென்பொருளான ஃபூபார்2000இல் எக்ஸ்குளூசிவ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

தட்டைப் போட்டு பட்டனை அழுத்திக் கேட்கும் சுகம் வேண்டுமா? அதுவும் நியாயமான ஆசைதான். கோஆக்சியல் டிஜிட்டல் அவுட் (எண்களை அப்படியே வெளியே அனுப்பும் துளை) உள்ள சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றை, கோஆக்சியல் இன் உள்ள அதே டிஏசியில் சேருங்கள். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், காதுக்கு வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

கேள்வி: டிஏசியை ஆன்லைனில் வாங்கி, சரியில்லை என்றால்?

பதில்: தென்னாப்பிரிக்கக் கடை என்றால், பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. உறை பிரித்த இசைத்தட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பழுதான பொருள் என்றால் 6 மாதம் வரை, பழுது பார்ப்பதா, வேறு பொருளா, பணமா என்று தேர்வு செய்வது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. பழுதான பொருளைப் பற்றிய இந்த விதி 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. தனி ஆளிடம் பழசு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால் அவர் வீட்டிலேயே ஓட்டிக் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.