வைக்கோல் போர்ல சூடு, சமையக்கட்டுல கேஸ் வாசனை: உங்க கேள்விகளுக்கு பதில்

அறுப்பு சீசன்ங்கறதால இந்த தடவை பாதிப் பேர் வைக்கோல் பத்திதான் கேட்ருக்கீங்க, அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

மெஷின்ல கட்டு கட்டுன வைக்கோல், நடுவுல ஒரு மழை அடிச்சுது, பரவால்லன்னு போர் போட்டுட்டோம். இப்ப கைய விட்டா உள்ள கதகதன்னு இருக்கு. நெருப்பே வைக்காம எரியுமா சார்? (மன்னார்குடி)

எரியும்ங்க. ஈர வைக்கோல்ல கிருமி பெருகும், அது பெருகும்போது சூடு உண்டாகும், போர் இறுக்கமா இருந்தா அந்த சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே ஏறி ஏறி ஒரு கட்டத்துல தானா கனிய ஆரம்பிச்சிடும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல இருந்தா ரிஸ்க்தான், போர் போட்டு முதல் ஒன்றரை மாசம் கவனமா இருக்கணும். ஒரு கடப்பாரைய நடுப்போர்ல சொருகி கொஞ்ச நேரம் விட்டு உருவி தொட்டுப் பாருங்க. தாராளமா பிடிக்க முடிஞ்சா இப்பவே போரைப் பிரிச்சு காயப் போட்ருங்க. கை வைக்க முடியலன்னாலோ கருகுன வாசனை, புகை வந்தாலோ பிரிக்கவே கூடாது, முதல்ல ஃபயர் சர்வீஸுக்கு 101 அடிங்க. உள்ள கனிஞ்சுட்டு இருக்கறப்ப பிரிச்சா காத்து பட்ட உடனே குப்புன்னு பிடிச்சுக்கும். நம்மாளுங்க தண்ணி ஊத்தறேன்னு மேல ஏறுவாங்க, அதான் பெரிய ஆபத்து, உள்ள வெந்து பொக்கையா இருந்தா ஆளே உள்ள இறங்கிடுவார்.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், டிராக்டர்ல லோடு ஏத்தறப்ப தெருவுல தாழ்வா தொங்கற கரண்ட் கம்பிய மனசுல வச்சு உயரத்தை முடிவு பண்ணுங்க. ரெண்டு கட்டு கூட ஏத்த ஆசைப்பட்டு கம்பியில உரசுனா லோடு, வண்டி ரெண்டும் போச்சு.

இண்டக்ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டு சமைக்கிறோம். பிளக் லேசா பழுப்பாயிருக்கு, ஆனா எம்சிபி (லோடு கூடுனா தானா கட் ஆகற சுவிட்ச்) ட்ரிப் ஆகல. (கும்பகோணம்)

இன்னியோட நிறுத்துங்க. 2000 வாட்ஸ் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், உங்க பாக்ஸ் 6 ஆம்ப்ஸ். எம்சிபி 16 ஆம்ப்ஸா இருந்தா அதுக்கு இதெல்லாம் கணக்கே இல்ல, லூஸ் காண்டாக்ட்ல வர்ற சூடும் அதுக்கு தெரியாது. செவுத்துல 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் எலக்ட்ரீஷியனை வச்சு போட்ருங்க. ஃபியூஸ் கட்டையில தடி கம்பி சுத்தி வச்சிருக்கறவங்களும் இதைப் படிச்சுட்டு போய் மாத்துங்க.

ராத்திரி எழுந்தா கேஸ் வாசனை. லைட் போடலாமா? (திருவாரூர்)

போடவும் கூடாது, எரியறதை அணைக்கவும் கூடாது, ஃபேனும் அப்படித்தான். சுவிட்ச்ல வர்ற பொறி போதும். ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலை திறந்துட்டு எல்லாரும் வெளிய வந்து கேஸ் லீக் அவசர நம்பர் 1906க்கு போன் பண்ணுங்க. எல்பிஜி காத்தை விட கனம், தரையோரமா தேங்கும், அதனால ஜன்னலோட நிறுத்தாம வாசக்கதவு கொல்லைக்கதவு ரெண்டையும் திறக்கணும். லீக் இருக்கான்னு தீக்குச்சி கிழிச்சு பாக்கற வீரம் இன்னும் நம்ம ஊர்ல இருக்கு! சோப்புத் தண்ணி தடவுனா குமிழி காட்டிக் குடுத்துடும். டியூப் 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்.

வாணலில எண்ணெய் பத்திக்கிட்டா? (மயிலாடுதுறை)

அடுப்பை அணைச்சு, தட்டு போட்டு மூடி, ஆறுற வரைக்கும் திறக்காதீங்க. தண்ணி ஒரு சொட்டு கூட வேணாம், வாணலைத் தூக்கிட்டு ஓடவும் வேணாம்.

கொல்லையில கீத்துக் கொட்டகைல விறகு அடுப்பு, ஓரமா போட்டா போதுமா? (பாபநாசம்)

போதாது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடத்துல சமையக்கட்டுல பிடிச்ச தீ கீத்துக்கூரைக்கு ஏறித்தான் 94 பிள்ளைங்க போனாங்க, நம்ம பக்கத்துல யாருக்கும் இது மறக்காது. அடுப்பு மேல மட்டுமாவது தகர ஷீட் போடுங்க, சாம்பலை தண்ணி தெளிச்சு ஆற வச்சு கொட்டுங்க, விறகை அடுப்பு பக்கத்துலயே அடுக்காதீங்க. கீத்து மேல பிளாஸ்டிக் தார்ப்பாய் விரிச்சிருந்தா எடுத்துருங்க, தீப்பிடிச்சா அது உருகி எரிஞ்சுக்கிட்டே சொட்டும்.